அம்மாவைக் குளிப்பாட்டும் அக்காவின் சம்பளச் சீட்டு

கோவில்பட்டியான், டாலஸ்
செவ்வாய், இரவு 10:42

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

ஜனவரியில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்ததும், வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு நாலு மணி நேரம் வந்து பார்த்துக்கொள்ள ஒரு ஏஜென்சி மூலம் ஆள் வைத்தோம். அம்மா கிரீன் கார்டில் வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. ஐந்து வருடம் ஆகாமல் மெடிக்கேர் (முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பக்கம் போக முடியாது. முழுக்க எங்கள் கைக்காசு.

வருகிறவர் ஐம்பதைத் தாண்டிய கறுப்பின அக்கா. லூசியானாக்காரர். கத்ரீனா புயலுக்குப் பிறகு இங்கே வந்து அப்படியே தங்கிவிட்டார். அவர் பெயர் அம்மாவின் வாயில் நுழையாததால் 'ராசாத்தி' ஆகிவிட்டார். அவருக்கும் அது பிடித்திருக்கிறது. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் 'மெதுவா', 'வலிக்குதா', 'போதும்' மூன்றையும் இப்போது எங்கள் ஊர்க்காரர் மாதிரியே சொல்கிறார். குளிப்பாட்டுவது, வாக்கரைப் பிடித்து நடக்க வைப்பது, டயப்பர் மாற்றுவது, படுக்கைப் புண் வராமல் புரட்டிவிடுவது எல்லாம் அவர்தான். பெற்ற மகன் நான் கூச்சப்படுகிற வேலைகள்.

போன வாரம் மாஸ்க் போட்டுக்கொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது, உடம்பு அனலாகக் கொதித்தது. வீட்டுக்குப் போங்கள் என்றேன். போனால் இன்றைய கூலி இல்லை, இரண்டு நாள் வராவிட்டால் இந்த வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றார். பேச்சுவாக்கில் செல்போனில் சம்பளச் சீட்டைக் காட்டினார். நாங்கள் ஏஜென்சிக்கு மணிக்கு 31 டாலர் கொடுக்கிறோம். அவருக்கு 13.50. இந்த ஏஜென்சியில் வாரம் 28 மணி நேரம், இன்னொரு ஏஜென்சியில் 28. ஆக 56 மணி நேரம் உழைக்கிறார். முதலாளி இரண்டு என்பதால் ஒரு நிமிட ஓவர்டைம்கூடக் கிடையாது. எந்தப் பக்கமும் 30 மணி நேரத்தைத் தொடாததால் மருத்துவக் காப்பீடும் கிடையாது. கார், பெட்ரோல் அவருடையது.

இதை ஆபீஸ் சாப்பாட்டு மேஜையில் சொன்னேன். "வேலை இருக்கிறதே, அப்புறம் என்ன? உழைத்தால் மேலே வரலாம், இது அமெரிக்கா" என்றார்கள். இருபது வருடமாக இதே வேலையில் உழைப்பவரிடம் இதை எந்த முகத்தோடு சொல்வது? இது இந்த ஒரு அக்காவின் தலையெழுத்தா, இல்லை அந்த வேலையே இப்படித்தான் தைக்கப்பட்டிருக்கிறதா?

குத்தாலச் சாரல், ஆஸ்டின்
செவ்வாய், இரவு 11:05

31 கழித்தல் 13.50. மீதி 17.50 எந்த இடுப்பைப் பிடித்துத் தூக்கியதாம்?

கணக்குப்பிள்ளை, சான் ஹோசே
புதன், காலை 7:20

சாரல், கைதட்டல் வாங்கும் வரிதான். ஆனால் அந்த 17.50இல் முதலாளி கட்டும் வரிப் பங்கு, விபத்துக் காப்பீடு, ஆள் வராத நாளில் மாற்று ஆள் தேடும் அலுவலகச் செலவு எல்லாம் அடங்கியிருக்கிறது. லாபமே இல்லை என்று சொல்லவில்லை, முழுவதும் லாபம் இல்லை.

கோவில்பட்டியாரே, மெடிக்கேர் பணம் வாங்கும் ஏஜென்சியில் ஹோம் ஹெல்த் எய்டாகச் சேரவே 75 மணி நேரப் பயிற்சி போதும். கூட இருந்து பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் பல மாநிலங்களில் அதுகூட வேண்டாம். யார் வேண்டுமானாலும் நுழையக்கூடிய வேலையில் கூலி ஏறாது. இதில் நிறம் எங்கே வந்தது? நாளைக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண் அதே வேலைக்கு வந்தாலும் அதே 13.50தான்.

குத்தாலச் சாரல், ஆஸ்டின்
புதன், காலை 7:48

விபத்துக் காப்பீடு என்றதால் ஒரு தகவல். டெக்சாஸில் தனியார் முதலாளிக்கு அது கட்டாயமே இல்லை. இஷ்டப்பட்டால் எடுக்கலாம். குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர். அது 2009இல் அங்கே போய் உட்கார்ந்தது, இன்னும் எழுந்திருக்கவில்லை.

வழக்காடி, சென்னை
புதன், மாலை 6:30

கணக்குப்பிள்ளையின் கடைசி வரி சரி. எனக்கு அங்கேதான் இடிக்கிறது. ஒரே வேலைக்கு இரண்டு கூலி கொடுத்தால் சட்டம் பிடித்துக்கொள்ளும். வேலைக்கே விலையைக் குறைத்து வைத்துவிட்டு, வேறு போக்கில்லாதவர்கள் தானாக வந்து சேரும்படி விட்டால் யாரும் எதையும் பிடிக்க முடியாது.

1935இல் ரூஸ்வெல்ட் காலத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விவசாயக் கூலிகளும் வீட்டு வேலை செய்பவர்களும் அதற்கு வெளியே. அதே ஆண்டு வந்த, சங்கம் வைத்துக் கூலி பேசும் உரிமைச் சட்டத்திலும் இதே இரண்டு பேரும் வெளியே. 1938இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், மணிக்கு 25 சென்ட். அதில் விவசாயக் கூலிகளை எழுதியே விலக்கினார்கள். வீட்டு வேலை 'மாநிலம் தாண்டிய வணிகம்' ஆகாது என்பதால் அவர்கள் தானாக வெளியே நின்றார்கள். அன்றைய தெற்கு மாநிலங்களில் வேலைக்குப் போன கறுப்பினப் பெண்களில் பெரும்பாலானோர் இந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். சட்டத்தில் 'கறுப்பு' என்ற சொல்லே கிடையாது, தேவைப்படவும் இல்லை. தெற்கத்தி உறுப்பினர்களின் ஓட்டுக்காக விலக்கினார்களா, வரி வசூலிப்பது சிரமம் என்று விலக்கினார்களா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். விளைவு என்னவோ ஒன்றுதான்.

1974இல் வீட்டு வேலைக்கும் குறைந்தபட்சக் கூலி என்று திருத்தினார்கள். ஆனால் முதியவர்களுக்குத் 'துணைக்கு இருப்பவர்' என்றால் பொருந்தாது என்று ஒரு ஓட்டை வைத்தார்கள். பக்கத்து வீட்டு அத்தை பாட்டியோடு உட்கார்ந்து கதை பேசுவது மாதிரி நினைத்தார்களோ என்னவோ. (நம் வீடுகளிலும் அதே சொல்தானே. "பாட்டிக்குத் துணைக்கு ஒரு ஆள் வச்சிருக்கோம்.") அடுத்த ஆண்டே தொழிலாளர் துறை, ஏஜென்சி அனுப்பும் ஆட்களுக்கும் இந்த விலக்கு உண்டு என்று விதி எழுதியது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு தொழில்துறையே வளர்ந்தது.

ஜமைக்காவில் பிறந்து நியூயார்க்கில் இந்த வேலையைச் செய்த ஈவ்லின் கோக் என்பவர் ஓவர்டைம் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 2007இல் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், துறையின் விதி செல்லும் என்று சொல்லிவிட்டார்கள். 2009இல் தமது 74ஆம் வயதில் இறந்தார். 2013இல் ஒபாமா அரசு விதியை மாற்றி எழுதியது. அதன் மேல் வழக்குகள் நடந்து, 2015இல்தான் அமலுக்கு வந்தது. 2025 ஜூலையில் அதே துறை, அதைத் திரும்பப் பெறப் போவதாக முன்மொழிந்தது.

அந்த விதி இருக்கும்வரை, ஒரே ஏஜென்சியின் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் நேரத்துக்கும் கூலி உண்டு. ராசாத்தி அக்காவின் சீட்டில் அது இருக்கிறதா பாருங்கள்.

கோவில்பட்டியான், டாலஸ்
வியாழன், காலை 8:15

கேட்டேன். இல்லை. முந்தைய வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு 25 நிமிடம். எங்கள் வாசலில் நின்று செல்போன் ஆப்பை அமுக்கினால்தான் மணி ஓட ஆரம்பிக்கிறது. அதுவும் சிக்னல் இருந்தால். இல்லாவிட்டால் தெருமுனை வரை நடந்துபோய் அமுக்கிவிட்டு வருவார். நான் இத்தனை நாள் அவர் போனில் யாருடனோ பேசப் போகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்கார்பரோ சுதா, டொராண்டோ
வியாழன், இரவு 9:50

எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் செய்வதும் அந்த ராசாத்தியின் வேலைதான். இங்கே பிஎஸ்டபிள்யூ (பெர்சனல் சப்போர்ட் வேர்க்கர்) என்பார்கள். பன்னிரண்டு வருசம். ஊரில் நான் பள்ளிக்கூட ரீச்சர்.

வந்த புதுசில் ஏஜென்சி மூலம் ஒரு பொதி கட்டும் தொழிற்சாலை. விடிய ஐந்து மணிக்கு வான் வரும். அதற்குள் எல்லாம் எங்கள் ஆக்கள், ஜமைக்காக்காரர், சோமாலியர். ஒரே மேசையில் ஒரே வேலை செய்தாலும் கொம்பனியின் நிரந்தர ஆளுக்கு ஒரு சம்பளம், வானில் வந்த எங்களுக்கு ஒரு சம்பளம். அதை விட்டுப் பாடநெறி படித்து முதியோர் இல்லத்துக்கு வந்தேன்.

எல்லாரும் சம்பளத்தைப் பற்றிக் கதைக்கிறீர்கள். என்னைக் கேட்டால் முதல் பிரச்சினை நேரம். ஐந்து வருசம் என்னை 'தேவைப்பட்டால் கூப்பிடும்' பட்டியலிலேயே வைத்திருந்தார்கள். விடிய ஐந்தரைக்கு போன் வரும், ஏழு மணிக்கு நிற்கவேணும். இரண்டு மூன்று தரம் ஏலாது என்றால் போன் வருவது நின்றுவிடும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லப் பயம். வீட்டுப் பராமரிப்பு செய்தபோது காலை ஏழிலிருந்து பத்து மட்டும், பிறகு பின்னேரம் ஐந்திலிருந்து ஒன்பது மட்டும். நடுவில் ஏழு மணித்தியாலம் என்னுடையதும் இல்லை, அவர்களுடையதும் இல்லை. வீட்டுக்குப் போய்வர பஸ் இரண்டரை மணித்தியாலம் தின்றுவிடும். டிம் ஹோர்டன்ஸ் கோப்பிக் கடைக் கதிரையில் ஒரு தேத்தண்ணியோடு இருந்தே நான் பிள்ளையின் பள்ளிக்கூடப் பத்திரங்களை எல்லாம் நிரப்பியிருக்கிறேன்.

2020 ஏப்ரலில் கொரோனா முதியோர் இல்லங்களை அள்ளிக்கொண்டு போனபோது, ஒரு ஆள் ஒரு இல்லத்தில் மட்டும்தான் வேலை செய்யலாம் என்று ஒன்ராறியோ அரசு உத்தரவு போட்டது. அப்போதுதான் நாங்கள் இரண்டு மூன்று இடம் ஓடுகிறோம் என்பது ஊருக்கே தெரியவந்தது. ஏன் ஓடுகிறோம்? ஒரு இடமும் முழுநேரம் தராது. பிறகு மணிக்கு 3 டொலர் கூட்டித் தந்தார்கள், 2022இல் அதை நிரந்தரமாக்கினார்கள். நல்ல விசயம், மறுக்கமாட்டேன். ஆனால் முழுநேர வேலை கேட்டால் இன்னமும் வரிசைதான்.

நிறம் எங்கே வந்தது என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நான் வேலை செய்த இல்லத்தில் லிஃப்டில் ஏறினால் தெரியும். மேல்மாடிகளில் தூக்குவது, துடைப்பது, தீத்துவது எல்லாம் பிலிப்பைன்ஸ், ஜமைக்கா, தமிழ்ப் பெண்கள். கீழே கந்தோரில் அட்டவணை போடுகிறவர், மனேஜர், கணக்காளர் எல்லாரும் வெள்ளை. இரண்டு பேர் பிடித்துத் தூக்கவேண்டிய ஆளை ஆள் குறைவு என்று தனியாகத் தூக்கி என் நாரி போனது. ஒரு ஐயா என் தோல் நிறத்தைச் சொல்லித்தான் ஒவ்வொரு நாளும் கூப்பிடுவார். முறையிட்டேன். "அவருக்கு மறதி வருத்தம், மனதில் எடுக்காதே" என்றார்கள். உண்மைதான், மறதி வருத்தம்தான். ஆனால் வெள்ளைக்காரத் தாதிக்கு அவர் ஒரு நாளும் மறந்துபோய்க்கூட அப்படிச் சொன்னதில்லை.

கணக்குப்பிள்ளை, சான் ஹோசே
வெள்ளி, காலை 6:55

சுதா அக்கா, உங்கள் பதிவுக்கு எதிர்ப்பேச்சு பேச எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் ஒரு வேலையின் கதையை வைத்து மொத்தத்தையும் முடிவு கட்ட முடியாது என்பதால் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 2023இல் ஆண்டு முழுவதும் முழுநேரம் வேலை செய்தவர்களை எடுத்தால், வெள்ளை ஆண் ஒரு டாலர் சம்பாதிக்கும் இடத்தில் கறுப்பினப் பெண் ஏறத்தாழ 66 சென்ட், லத்தீனப் பெண் 58 சென்ட். பெரிய இடைவெளிதான். ஆனால் ஆசியப் பெண்களுக்கு 90 சென்டைத் தாண்டுகிறது. நிறம்தான் காரணம் என்றால் இது எப்படி? படிப்பு, தொழில், அனுபவம் இவைதான் பெரும்பகுதியை விளக்குகின்றன. மிச்சம்தான் பாகுபாடு.

நித்யா, நியூஜெர்சி
வெள்ளி, மதியம் 1:10

ஆள் எடுக்கும் வேலையில் பத்து வருடம் இருக்கிறேன். அதனால் இரண்டு விஷயம்.

'ஆசியப் பெண்' என்று ஒரு பெண் கிடையாது. கலிஃபோர்னியாவில் மென்பொருள் எழுதும் நம்மூர்ப் பெண்ணையும், நகப்பூச்சுக் கடையில் நாள் முழுக்க ரசாயன வாடையில் உட்காரும் வியட்நாம், நேபாளப் பெண்களையும் ஒரே குண்டானில் போட்டுக் கலக்கி எடுத்த சராசரி அது. நம்மில் பலர் விசா என்ற சல்லடையில் சலித்து, டிகிரியோடு இறக்கப்பட்டவர்கள். பிலிப்பைன்ஸ் நர்ஸ்களைப் பாருங்கள். படிப்பு இருக்கிறது, சம்பளமும் மோசமில்லை. அமெரிக்க நர்ஸ்களில் அவர்கள் சுமார் 4 சதவீதம். 2020 செப்டம்பரில் நர்ஸ்கள் சங்கம் எடுத்த கணக்கில் கொரோனாவில் இறந்த நர்ஸ்களில் அவர்கள் பங்கு 30 சதவீதத்துக்கு மேல். நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதைச் சம்பளக் கணக்கு காட்டாது.

அடுத்தது 'படிப்பு, அனுபவம் விளக்கிவிடும்' என்பது. மரியான் பெர்ட்ரண்ட், செந்தில் முல்லைநாதன் இருவரும் செய்த ஆய்வு, 2004இல் வெளியானது. (முல்லைநாதன் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா போனவர். பெருமைப்பட இப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள்.) பாஸ்டனிலும் சிகாகோவிலும் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். எமிலி மாதிரிப் பெயர் சிலவற்றில், லக்கீஷா மாதிரிப் பெயர் சிலவற்றில். வெள்ளைப் பெயருக்குப் பத்து விண்ணப்பத்துக்கு ஒரு அழைப்பு வந்தது, கறுப்பினப் பெயருக்குப் பதினைந்துக்கு ஒன்று. பலர் கவனிக்காத இன்னொன்றும் அதில் உண்டு. விண்ணப்பத்தில் அனுபவத்தையும் தகுதியையும் கூட்டியபோது எமிலிக்கு அழைப்பு நன்றாகவே கூடியது. லக்கீஷாவுக்கு அந்த அளவுக்குக் கூடவில்லை. அதாவது நீங்கள் 'விளக்கம்' என்று கழித்துவிடுகிற படிப்புக்கே ஆளுக்கொரு விலை.

என் கதை சின்னது. 2009இல் எச்4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்குக் கிடைப்பது) வந்தேன், கையில் இன்ஜினியரிங் டிகிரி. வேலை செய்ய அனுமதி 2015 மே மாதம்தான் கிடைத்தது. இடைப்பட்ட ஆறு வருடத்தில் யார் வீட்டு விருந்துக்குப் போனாலும் "சும்மாதானே இருக்கீங்க". பிறகு என் ஜூனியர் ஒருத்திக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்தேன். ஆனாலும் என் ஆறு வருடத்தையும் ராசாத்தி அக்காவின் இருபது வருடத்தையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். 'வெள்ளையர் அல்லாத பெண்கள்' என்ற குடைக்குள் எல்லோரும் நிற்கிறோம். சாரல் எல்லார் மேலும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. (ஆஸ்டின் சாரலைச் சொல்லவில்லை.)

பயணி67
வெள்ளி, மாலை 4:02

அமெரிக்காவைப் பற்றி இவ்வளவு உருகுகிறீர்களே, ஊரில் உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்குத் தனி டம்ளர் வைத்தவர்கள்தானே நாம்?

மட்டுறுத்துநர்
வெள்ளி, மாலை 4:40

பயணி, கேள்வி நியாயமானது. அதற்குத் தனி இழை தொடங்குங்கள், நானே முதல் பதில் போடுகிறேன். இங்கே எடுத்த விஷயத்தில் தொடர்வோம்.

வழக்காடி, சென்னை
வெள்ளி, இரவு 8:25

கணக்குப்பிள்ளை பாணியில் 'இனத்தை ஒரு பக்கம், பாலினத்தை ஒரு பக்கம்' பிரித்துக் கழிப்பதை ஒரு நீதிமன்றமே செய்து காட்டியது. 1976, செயின்ட் லூயிஸ். ஜெனரல் மோட்டார்ஸ் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் போட்ட வழக்கு. 1964க்கு முன் அந்தத் தொழிற்சாலையில் கறுப்பினப் பெண்களைச் சேர்க்கவே இல்லை. பிறகு சேர்த்தார்கள். மந்தநிலை வந்ததும், கடைசியில் வந்தவர் முதலில் வெளியே என்று பணிமூப்பின்படி ஆட்குறைப்பு நடந்தது. 1970க்குப் பிறகு சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அத்தனை பேரும் வெளியே.

நீதிமன்றம் என்ன சொன்னது? பெண் என்பதால் பாகுபாடா? இல்லை, பெண்கள் முன்பே வேலையில் இருந்தார்களே. (வெள்ளைப் பெண்கள், அலுவலகத்தில்.) கறுப்பு என்பதாலா? அப்படியானால் அதே நிறுவனத்தின் மேல் இருக்கும் இன்னொரு இனப் பாகுபாட்டு வழக்கில் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். 'கறுப்பினப் பெண்' என்று தனியாக ஒரு வகையைச் சட்டம் பார்க்காது. இரண்டு கதவையும் தட்டச் சொல்லி இரண்டையும் சாத்திவிட்டார்கள். கறுப்பினச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எழுதிய கட்டுரை இந்த வழக்கை எடுத்துத்தான் விரிகிறது. நாற்சந்தியில் நிற்பவரை எந்தப் பக்கத்து வண்டியும் இடிக்கலாம், நான்கு பக்கத்திலிருந்து ஒரே நேரத்திலும் இடிக்கலாம் என்பது அவர் சொன்ன உவமை.

'பணிமூப்பு' என்ற விதியில் என்ன தப்பு? ஒன்றுமே இல்லை. எனக்குப் பயமே அதுதான்.

பழையபேப்பர், அட்லாண்டா
சனி, காலை 10:30

எல்லாம் அவர்கள் தலையில் இறங்கியது மாதிரியே பேசிக்கொண்டிருக்கிறோம். இவர்கள் சும்மா இருந்த காலமே கிடையாது. நான் இருக்கும் ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

1881 ஜூலை, அடிமைமுறை ஒழிந்து பதினாறு வருடம். இங்கே கறுப்பினப் பெண்களுக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் வெள்ளாவி. வெள்ளைக்காரர் வீட்டு அழுக்குத் துணியை மூட்டையாகக் கட்டித் தலையில் சுமந்து வந்து, தண்ணீர் இறைத்து, காய்ச்சித் துவைத்து, இஸ்திரி போட்டுத் திரும்பச் சுமந்து போகவேண்டும். இருபது பேர் கூடிச் சங்கம் வைத்தார்கள். பன்னிரண்டு பவுண்டு துணிக்கு ஒரு டாலர் என்று ஒரே கூலி கேட்டு வேலையை நிறுத்தினார்கள். மூன்று வாரத்தில் சுமார் மூவாயிரம் பேர். போலீஸ் பிடித்தது, அபராதம் போட்டார்கள். அடங்கவில்லை என்றதும், சலவைக்காரி ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 25 டாலர் லைசென்ஸ் கட்டவேண்டும் என்று நகர சபை கிளம்பியது. அது அவர்கள் பல மாதம் துவைத்தால் வரும் காசு. இவர்கள் மேயருக்குக் கடிதமே எழுதிவிட்டார்கள்: கட்டுகிறோம், ஆனால் நகரத்துச் சலவை முழுவதும் எங்கள் கையில், கூலியை நாங்கள்தான் சொல்வோம். அந்தத் தைரியத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் சிலிர்ப்பும் சேர்ந்தே வருகிறது.

அப்புறம் 1935, நியூயார்க். எல்லா பேக்கர், மார்வெல் குக் என்ற இருவர் வேலைக்காரிகளோடு தெருமுனையில் நின்று பார்த்து எழுதினார்கள். பிராங்க்ஸ் பகுதியில் காலையில் கறுப்பினப் பெண்கள் வேலைத் துணியைக் காகிதப் பையில் சுருட்டிக்கொண்டு நிற்பார்கள். வீட்டுக்காரம்மாக்கள் வந்து பேரம் பேசுவார்கள். மணிக்கு 15 சென்ட் வரை இறங்கும். நம்மூரில் சித்தாள் நிற்கும் முச்சந்தியைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'அடிமைச் சந்தை'.

1969இல் சார்ல்ஸ்டன் நகரத்து அரசு மருத்துவமனையில் பன்னிரண்டு பேரை வேலையை விட்டு எடுத்ததும், நானூறுக்கும் மேற்பட்டவர்கள் வேலைநிறுத்தம். அநேகமாக எல்லோரும் கறுப்பினப் பெண்கள். தலைமை தாங்கிய மேரி மவுல்ட்ரியும் அங்கே உதவியாளர்தான். அவர்கள் வாங்கியது மணிக்கு 1.30 டாலர், நாட்டின் குறைந்தபட்சக் கூலி அப்போது 1.60. கணவர் மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக் கொன்று ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, கொரெட்டா ஸ்காட் கிங் வந்து அவர்களோடு ஊர்வலம் போனார்.

கணக்குப்பிள்ளை, சான் ஹோசே
சனி, மதியம் 12:15

1881 எனக்குப் புதுச் செய்தி, நன்றி. வேலைக்கு விலை எப்படி விழுந்தது என்ற வழக்காடியின் வாதத்தையும் ஒத்துக்கொள்கிறேன். 'யாரும் நுழையலாம் என்பதால் கூலி குறைவு' என்று எழுதியிருந்தேன். வேறு வாசல் சாத்தியிருந்ததால் இந்த வாசலில் கூட்டம் என்றும் அதைப் படிக்கலாம். சரி.

ஆனால் கேள்வி மிச்சம் இருக்கிறது. இந்த நாட்டில் வீட்டுப் பராமரிப்புக்குப் பெரும்பகுதிப் பணம் மெடிக்கெய்டு (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவத் திட்டம்) வழியாக வருகிறது. மணிக்கு இவ்வளவு என்று மாநில அரசு நிர்ணயிக்கிறது. அந்தத் தொகைக்குள்தான் கூலி. தனியாகக் காசு கொடுப்பவர்கள் கோவில்பட்டியார் மாதிரி ஆட்கள். கூலியை ஏற்றினால் ஒன்று வரி ஏறும், இல்லை அம்மாவைப் பார்க்கும் மணி நேரம் குறையும். யார் தயார்?

நித்யா, நியூஜெர்சி
சனி, மாலை 3:30

யாராவது கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயார்க்கில், 24 மணி நேர ஷிஃப்டுக்கு 13 மணி நேரக் கூலி கொடுக்கலாம் என்பது மாநிலத்தின் விதி. எட்டு மணி நேரம் தூக்கம், மூன்று மணி நேரம் சாப்பாடு என்று பதினொன்றைக் கழித்துவிடுவார்கள். தூக்கத்தில் ஐந்து மணி நேரமாவது இடைவிடாமல் கிடைத்திருக்கவேண்டும் என்பது நிபந்தனை. இரண்டு மணிக்கொரு தரம் நோயாளியைப் புரட்டிப் போட்டவர்கள் அந்த ஐந்தை எங்கே போய்த் தேடுவார்கள்? 2019இல் மாநில உச்ச நீதிமன்றமும் விதி செல்லும் என்றது. 2024 மார்ச்சில் நகர மன்றத்துக்கு முன்னால் உண்ணாவிரதம் இருந்தார்கள். சீன, லத்தீனப் பெண்கள், பலர் இந்த வேலையிலேயே வயதாகிப்போனவர்கள். மிச்சப்பட்ட அந்தப் பதினொரு மணி நேரம் உங்கள் கணக்கில் எந்தப் பத்தியில் வருகிறது, கணக்குப்பிள்ளை?

ஸ்கார்பரோ சுதா, டொராண்டோ
சனி, மாலை 5:15

யார் தயார் என்று கேட்டீர்கள். என்னோடு சேர்ந்த பதினாலு பேரில் இன்று இந்த வேலையில் இருப்பது நாங்கள் மூன்று பேர். புது ஆள் வரும், வயதானவருக்கு எந்தப் பக்கம் தோள் ஏலாது, மாத்திரையை எதோடு தந்தால் விழுங்குவார் என்று பழக ஒரு மாதம், ஆறாம் மாதம் அந்த ஆளும் போய்விடும். அந்தச் செலவை ஒருத்தரும் எழுதுவதில்லை. கிழவி மட்டும் ஒவ்வொரு முறையும் புது ஆளைக் கண்டு பயந்து அழும்.

சரி, எனக்கு இரவு வேலை. நாளைக்குப் பார்ப்பம்.

வழக்காடி, சென்னை
சனி, இரவு 9:00

கோவில்பட்டியாரே, தனிச்செய்தியில் கேட்டதற்கு இங்கேயே பதில். பயண நேரக் கூலி விஷயத்தை நீங்களாக ஏஜென்சிக்கு போன் போட்டுக் கேட்காதீர்கள். யார் சொல்லிக் கேட்கிறீர்கள் என்று அவர்களுக்கு அரை நிமிடத்தில் தெரிந்துவிடும், அடுத்த வாரம் அவருக்கு மணி நேரம் குறையும். பழிவாங்கினால் குற்றம் என்று சட்டம் சொல்கிறது. நிரூபிப்பது அவர் பாடு. முதலில் அவரைக் கேளுங்கள். அவர் சரி என்றால் மட்டும் தொழிலாளர் துறையின் கூலிப் பிரிவுக்கு எழுதலாம். நேரடியாக நீங்களே வேலைக்கு வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள், அநேகமாக அதற்குத் தடை இருக்கும்.

கோவில்பட்டியான், டாலஸ்
ஞாயிறு, இரவு 10:20

ஒப்பந்தத்தைப் பார்த்தேன். ஏஜென்சி அனுப்பிய ஆளை ஒரு வருடத்துக்குள் நேரடியாக வைத்தால் நாங்கள் 5,000 டாலர் கட்டவேண்டும். கையெழுத்துப் போட்ட அன்று படிக்கவே இல்லை.

ராசாத்தி அக்காவிடமும் கேட்டேன். சிரித்தார். "இந்த ஏஜென்சி செய்வதைத்தான் அந்த ஏஜென்சியும் செய்கிறது. இரண்டு பேரிடமும் ஒரே நேரத்தில் சண்டை போட என்னால் முடியாது. மகள் படிப்பு மே மாதம் முடியட்டும், அப்புறம் எழுதலாம்" என்றார். தேதியைக் குறித்து வைத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை பிசியோதெரபிஸ்ட் வந்து பார்த்துவிட்டு, அம்மா நன்றாகத் தேறிவிட்டார், மாதக் கடைசியில் வாக்கரை விட்டுவிடலாம் என்றார். அன்று இரவே நானும் மனைவியும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வாரம் இருபது மணி நேரம், 31 டாலர் வீதம் 620. இனி வாரத்தில் மூன்று நாள், இரண்டிரண்டு மணி நேரம் போதும். ஏஜென்சிக்கு மெயிலும் தட்டிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது, அவருடைய 28 மணி நேரத்தில் பதினாலைப் பிடுங்கியது நான்தான்.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மெல்லக் கேட்டார்: "ஏன்டா, இன்னும் ரெண்டு மாசத்துக்கு வலிக்குதுன்னே சொல்லட்டுமா?"